மூணுக்கு மேல எழுதாதே

"ரத்தம் வந்துச்சா?"

சூப்பர்வைசர் அவளிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான். அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் நீலக் கோடு போட்ட சட்டை ஒன்று கிடந்தது, சுற்றிலும் டியூப்லைட் கண்ணாடித் தூள். செக்கிங் மேசைக்கு மேலே சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்த இரட்டை விளக்குப் பெட்டி ஒரு பக்கம் அவிழ்ந்து, அவள் உச்சந்தலையில் இறங்கி, அப்புறம்தான் தரைக்குப் போயிருந்தது. அவள் தலையைத் தடவிவிட்டு விரலைப் பார்த்தாள். ஒன்றும் ஒட்டவில்லை.

"இல்ல சார்."

"அப்பாடா," என்றவர், அதே மூச்சில், "லைட்டு ரெண்டும் போச்சா?" என்றார்.

அந்த விளக்குப் பெட்டியின் கதையையும் சொல்லிவிட வேண்டும். ஒரு பக்கச் சங்கிலி அறுந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அவள் இரண்டு முறை சொன்னாள். முதல் முறை, "பாத்துக்கலாம்" என்றார். இரண்டாம் முறை, காலருக்குள் வைத்துத் தைக்கும் கேன்வாஸ் துணியில் ஒரு பட்டையைக் கிழித்து, அவரே ஸ்டூல் மேல் ஏறி முடிச்சுப் போட்டார். இறங்கிக் கையைத் தட்டிக்கொண்டு, "யானையையே கட்டலாம்" என்றார். சட்டைத் தொழிற்சாலையில் முப்பது வருஷம் இருந்தவர். துணி மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

ரத்தம் வராததால் அது விபத்து ஆகவில்லை. பதிவேட்டில் ஏறவில்லை. ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து, பக்கத்து மேசையில் இடம் ஒதுக்கினார்கள். மீதி மூன்று மணி நேரமும் அவள் நின்றபடி சட்டை பார்த்தாள். வீட்டுக்குப் போகும் பஸ்ஸில், ஜன்னலுக்கு வெளியே கடைப் பலகைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி ஓடின. இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தது, நின்றது, போயும் விட்டது. அது தன்னுடைய நிறுத்தம் என்பது அடுத்த நிறுத்தத்தில்தான் அவளுக்கு உறைத்தது. இறங்கி, மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள்.

ஸ்கேனிலும் ஒன்றும் இல்லை. "மூளை குலுங்கியிருக்கு. வீக்கம் இல்ல, கசிவு இல்ல. ரெண்டு வாரம் ரெஸ்ட் எடுத்தா சரியாயிடும்," என்றார் பெரிய டாக்டர். ஆஸ்பத்திரிக் கடிதத்தைக் கொண்டுபோய்க் காட்டிய பிறகுதான் தொழிற்சாலைப் பதிவேட்டில் ஒரு வரி ஏறியது. 'லேசான அடி' என்று. அடி வாங்கிய தலையை யாரும் கேட்காமலே லேசு என்று எழுதிவிட்டார்கள்.

இரண்டு வாரம் போனது. இரண்டு மாதமும் போனது.

அவள் புருஷன் தண்ணீர் மோட்டார் ரிப்பேர் பார்ப்பவர். கெட்டவர் இல்லை, வாய்தான் சும்மா இருக்காது. பார்க்க வந்தவர்களிடம் எல்லாம், "ஸ்கேன் எடுத்துப் பாத்தாச்சு, உள்ள ஒண்ணுமே இல்லையாம். அது எனக்குக் கல்யாணமான அன்னிக்கே தெரியும்," என்பார். வந்தவர்கள் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். சிரித்தால் பின்மண்டையில் சுருக்கென்று இழுக்கும் என்பதை மட்டும் சொல்ல மாட்டாள்.

சொன்னால்தான் என்ன புரிந்துவிடப் போகிறது? ஜன்னல் வெளிச்சம் ஊசியாகக் குத்துகிறது என்றால் திரையை இழுத்துவிட்டுக்கொள் என்பார்கள். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் இரண்டும் காதுக்குள் சிக்கு விழுந்த நூல் மாதிரி ஆகிவிடுகிறது என்றால், காதைப் பரிசோதி என்பார்கள். அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் பால் எங்கே என்று தேடியதைச் சொன்னால், 'எனக்கும்தான் மறக்குது, வயசாகுதில்ல' என்பார்கள். அவளுக்கு வயது முப்பத்தெட்டு.

எல்லாவற்றையும் விட அவளை உடைத்தது கோடுதான். தொழிற்சாலையில் அவளுக்குக் 'கழுகு' என்று பெயர். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கும் மற்ற செக்கர்கள் தவறவிடுகிற தையலை, அவள் சட்டையை ஒரு உதறு உதறும்போதே பிடித்துவிடுவாள். சட்டைப்பையின் கோடும் சட்டைத் துணியின் கோடும் ஒரு நூல் அளவு விலகியிருந்தாலும் அவளிடம் தப்பாது. இப்போது புருஷனின் கோடு போட்ட லுங்கி கொடியில் ஆடினாலே தரை சாய்கிறது. சுவரைப் பிடித்துக்கொண்டு, 'அந்த லுங்கியை எடுங்க' என்று கத்துகிறாள். லுங்கியைப் பார்த்துப் பயப்படுகிற பெண்டாட்டியை அவர் எந்த ஊரிலும் கண்டதில்லை.

அடுத்த வீட்டில்தான் நாத்தனார். புருஷனின் தங்கை. அதே தொழிற்சாலையில் நாலாம் தையல் லைனில் காலர் வைக்கிறவள், தொழிலாளர் கமிட்டியிலும் ஒரு ஆள். சாயங்காலம் வேலை விட்டு வந்து வாசலில் நின்றபடியே விசாரிப்பாள்.

"என்ன அண்ணி, எப்படி இருக்கு?"

"இருக்கு."

"பாத்தா நல்லாத்தான இருக்கீங்க? கட்டு இல்ல, காயம் இல்ல. எனக்கும் ஒரு லைட்டு விழக் கூடாதா? நானும் ரெண்டு மாசம் ஹாயா படுத்துக் கெடப்பேன்."

"வேணும்னா என் தலையவே எடுத்துக்கோ."

"ஐயே, எதுக்கு? அதுலதான் ஒண்ணுமே இல்லையாமே, அண்ணன் சொன்னாரு."

கேலிதான். ஆனால் கேலிக்கு அடியில் ஒரு கல் கிடந்தது. இவள் இல்லாத மேசையில் புதிதாக ஒரு பெண்ணை நிறுத்தியிருந்தார்கள். அவளுக்கு வேலை ஓடவில்லை, நாலாம் லைன் தினமும் பின்தங்கியது. லைனில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று நாத்தனார் சொல்லவில்லை. சொல்லாமலே அது வாசல் தாண்டி வந்தது.

பெரிய டாக்டர் கடைசியில் அவளை மறுவாழ்வுப் பிரிவுக்கு எழுதிக் கொடுத்தார். ஆஸ்பத்திரியின் பின்கட்டு. ஒரு பக்கம் கால் உடைந்தவர்கள் கம்பியைப் பிடித்து நடந்தார்கள், மறு பக்கம் பக்கவாதம் வந்த ஒருவர் பந்தைப் பிடிக்கப் பழகிக்கொண்டிருந்தார். அவர்களுக்கு நடுவில் முழுசாக இரண்டு கை இரண்டு காலோடு போய் நிற்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

அங்கே இருந்த பெண் அவளைவிடப் பத்து வயது சின்னவள். முதல் நாளே, "உங்க கட்டைவிரலை நீட்டுங்க அக்கா," என்றாள். "நகத்தையே பாருங்க. கண்ணு நகத்துல, தலை மட்டும் இந்தப் பக்கம் அந்தப் பக்கம். நகம் ஆடுதா?"

"நகம் மட்டுமா? கூடவே நீங்களும் ஆடுறீங்க."

"நான் ஆடல. உங்க கண்ணும் காதுக்குள்ள இருக்குற பேலன்ஸும் சண்டை போட்டுப் பேசாம இருக்கு. ரெண்டையும் சமாதானம் பண்ணி வைக்கணும். அவ்ளோதான் நம்ம வேலை."

அன்றிலிருந்து வீட்டில் அந்தப் பெண்ணுக்குக் 'கட்டைவிரல் டாக்டர்' என்று பெயர் விழுந்தது. டாக்டர் இல்லை, பிசியோதெரபிஸ்ட். ஆனாலும் இரண்டு மாதத்தில் முதன்முதலாக 'உங்களுக்கு ஒன்றுமில்லை' என்று சொல்லாத ஆள் என்பதால் அவள் மனதில் டாக்டருக்கும் ஒரு படி மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

வாரத்தில் மூன்று காலை. டொக் டொக் என்று அடிக்கும் சின்னப் பெட்டியின் தாளத்துக்குத் தலையை ஆட்டிக்கொண்டே சுவரில் ஒட்டிய எழுத்தை வாசிக்க வேண்டும். பஞ்சு மெத்தைத் துண்டின் மேல் இரண்டு காலையும் சேர்த்துவைத்து, கண்ணை மூடி நிற்க வேண்டும். நடைபாதையில் நடந்தபடியே இடப்பக்கச் சுவரிலும் வலப்பக்கச் சுவரிலும் ஒட்டிய சீட்டுகளை மாறி மாறிப் படிக்க வேண்டும். நிற்கிற சைக்கிளை மெதுவாக மிதிக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரே விதி: தொந்தரவு கொஞ்சம் ஏறலாம், இரண்டு புள்ளிக்கு மேல் ஏறினால் நிறுத்திவிட்டு உட்கார வேண்டும்.

அந்தப் புள்ளிக்காக ஒரு தாள் கொடுத்தாள். தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், வெளிச்சக் கூச்சம், குழப்பம். ஒவ்வொன்றுக்கும் எதிரே காலை, மதியம், மாலை. பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஒரு எண். "இதுதான் எனக்கு மேப் மாதிரி அக்கா. இதைப் பாத்துதான் நான் வண்டி ஓட்டுறேன். வேலையில அடிபட்டதால இதோட காப்பி ஒண்ணு வாராவாரம் உங்க கம்பெனிக்கும் போகும்."

அவள் எழுதினாள். தலைவலி இரண்டு. கிறுகிறுப்பு மூன்று. குமட்டல் இரண்டு. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் வழியில் மறுபடியும் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்த நாளிலும் மூன்று.

பொய் சொல்ல வேண்டும் என்று எழுதவில்லை. அவள் கை அப்படித்தான் பழகியிருந்தது.

தொழிற்சாலையில் சட்டைகள் இருபது இருபதாகக் கட்டி செக்கிங் மேசைக்கு வரும். தப்பு இருக்கிற இடத்தில் செக்கர் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். மொத்தம் எத்தனை தப்பு என்று கட்டோடு இருக்கும் சீட்டில் எழுத வேண்டும். மூன்று வரை இருந்தால் கட்டு போகும். நாலு என்று எழுதினால் கட்டு முழுவதும் லைனுக்குத் திரும்பும், சுவரிலிருக்கும் பலகையில் லைனின் கட்டம் சிவப்பாகும், மாலையில் பெரிய இடத்திலிருந்து கேள்வி வரும். அதனால் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே சூப்பர்வைசர் அவள் பக்கத்தில் வந்து நின்று, சட்டையைப் பார்ப்பதுபோல் குனிந்து, மெதுவாகச் சொன்னார்: "ஸ்டிக்கர் எத்தனை வேணும்னாலும் ஒட்டு. சீட்டுல மட்டும் மூணுக்கு மேல எழுதாதே."

ஒட்டிய சட்டைகளை லைனில் இருக்கும் பெண்கள் டீ குடிக்கும் நேரத்தில் பிரித்துச் சரிசெய்துவிடுவார்கள். அப்புறம் ஸ்டிக்கரை உரித்துப் போட்டுவிடுவார்கள். கெட்ட சட்டை எதுவும் வெளியே போனதில்லை, அதில் அவள் கறார். சீட்டு மட்டும்தான் பொய். பதினோரு வருஷமாக அந்தப் பொய்யை எழுதி எழுதி, எண் எழுதச் சொன்னாலே அவள் பேனா மூன்றோடு நின்றுவிடும். நாலு என்று எழுதினால் யாரோ ஒருத்தியின் டீ நேரம் போய்விடும், யாரோ திட்டு வாங்குவார்கள் என்று கை தானாகப் பயப்படும்.

அந்த மூன்றைப் பார்த்துதான் கட்டைவிரல் டாக்டர் வண்டி ஓட்டினாள். இரண்டிலிருந்து மூன்றுக்குத்தானே ஏறியிருக்கிறது, அப்படியானால் அடுத்த வாரம் தாளத்தைக் கூட்டலாம். கூட்டினாள். மெத்தையைத் தடிமனாக்கலாம். ஆக்கினாள். அவளும் பல்லைக் கடித்துக்கொண்டு செய்தாள். வீட்டுக்குப் போய் ஈரத் துண்டால் முகத்தை மூடி மாலை வரை கிடந்தாள். மாலையில் எழுந்து, மூன்று என்று எழுதினாள்.

ஆறாம் வாரம் தொடங்கியதும் கட்டைவிரல் டாக்டர் சுவரில் கோடு போட்ட துணி ஒன்றை விரித்து, அதற்கு முன்னால் மெத்தையில் நிற்கச் சொன்னாள். துணி லேசாக ஆடியது. கோடுகள் ஆற்றுத் தண்ணீர் மாதிரி பக்கவாட்டில் ஓடத் தொடங்கின. அவள் அந்தப் பெண்ணின் வெள்ளை மேலங்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்து உட்கார்ந்தாள்.

"எவ்வளவு அக்கா? நம்பர் சொல்லுங்க."

"மூணு."

"மூணா?" அந்தப் பெண்ணின் குரல் ஏறியது. பந்து பிடித்துக்கொண்டிருந்தவர்கூடத் திரும்பிப் பார்த்தார். "வேர்வை ஊத்துது. மூஞ்சில ரத்தமே இல்ல. இது மூணா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்கும் ரத்தத்தைத்தான் தேடினார்கள், இன்றைக்கும் ரத்தத்தைத்தான் தேடுகிறார்கள்.

"ஏன் சிரிக்கிறீங்க? நாலுன்னு ஒரு நாள்கூட நீங்க எழுதினதே இல்லையே. அஞ்சு வாரத் தாளையும் புரட்டிப் பாத்தேன். ஏன்?"

அவள் சொன்னாள். மேசை, சீட்டு, ஸ்டிக்கர், டீ நேரம். சொல்லச் சொல்ல அந்தப் பெண்ணின் முகம் சிவந்தது. திட்டப் போகிறாள் என்று நினைத்தாள். அவள் திட்டவில்லை, தரையில் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"உங்களை நான் அஞ்சு வாரமா அடிச்சுக்கிட்டு இருந்திருக்கேன் அக்கா. நீங்களும் வாங்கிக்கிட்டே இருந்திருக்கீங்க." பிறகு பேனாவை நீட்டினாள். "ஸ்டிக்கரை எண்ணுங்க. சீட்டை மறந்துருங்க. இப்ப எவ்வளவு?"

அவள் பேனாவை வாங்கினாள். 'ஒன்பது' என்று எழுதினாள். எழுதிவிட்டு, யாராவது பார்த்துவிட்டார்களா என்று கதவுப் பக்கம் பார்த்தாள்.

எல்லாவற்றையும் பின்னால் இழுத்தார்கள். மெத்தை போனது, வெறும் தரை வந்தது. தாளம் பாதியானது. துணியைச் சுருட்டி அலமாரியில் வைத்தார்கள். இரண்டு வாரத்தில் ஒன்பது ஆறாக இறங்கியது. பஸ்ஸில் தன் நிறுத்தத்தில் தானே இறங்கினாள். இன்னும் ஆறு வாரம் இப்படி வந்தால், அரை நாள் வேலையில் ஆரம்பித்து, கோடு இல்லாத சட்டையில் ஆரம்பித்து, மெல்ல மெல்லப் பழைய மேசைக்குப் போய்விடலாம் என்று கட்டைவிரல் டாக்டர் ஒரு அட்டவணை போட்டுக் கொடுத்தாள். அந்த அட்டவணையை அவள் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

அதற்கு மறுநாள் தொழிற்சாலைக் கடிதம் வந்தது. புருஷன் படித்துக் காட்டினார். முதல் ஐந்து வாரத் தாள்களில் எந்தத் தொந்தரவும் மூன்றுக்கு மேல் பதிவாகவில்லை. ஆறாவது வாரத்தில் திடீரென்று ஒன்பது என்று இருப்பது சந்தேகத்துக்கு இடமளிக்கிறது. ஆகவே வரும் திங்கள் முதல் முழு நேரம், பழைய மேசைக்கு வர வேண்டும். வராவிட்டால் தானாக வேலையை விட்டதாகக் கொள்ளப்படும். சொல்ல வேண்டியது ஏதும் இருந்தால் வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு மேனேஜர் அறையில் சொல்லலாம். கீழே, 'சூப்பர்வைசரின் பரிந்துரைப்படி' என்று ஒரு வரி.

அந்த ஒரு வரியை அவரைத் திரும்ப வாசிக்கச் சொன்னாள்.

மேனேஜருக்குத் தெரியாது, சரி. கடிதம் அடித்தவருக்குத் தெரியாது, சரி. இந்த மனுஷனுக்குத் தெரியாதா? மூன்று என்றால் என்ன என்று இந்த உலகத்திலேயே ரொம்ப நன்றாகத் தெரிந்த ஆள் இவர்தானே? அந்த மூன்றை அவள் கையில் வைத்தவரே இவர்தானே? அதைத் திருப்பி எடுத்து அவள் தலையிலேயே போட எப்படி மனசு வந்தது? விளக்குப் பெட்டியாவது முடிச்சு அவிழ்ந்துதான் விழுந்தது. இவர் பார்த்துப் போடுகிறார்.

வெள்ளிக்கிழமை காலை குழாயடியில் நாத்தனார் குடத்தை வைத்துவிட்டு அவள் பக்கம் வந்தாள்.

"அண்ணி. அந்த மூணு விஷயத்த மட்டும் அங்க பேசிராதீங்க."

அவள் தன் குடத்தைக் குழாய்க்குக் கீழே தள்ளிக் குழாயைத் திறந்தாள்.

"பேசினா நாலு லைனும் நாறிரும். எத்தனை பொண்ணுங்க இருக்கோம். உங்களுக்கு உடம்பு முடியலன்னு மட்டும் சொல்லுங்க. அழுதுகூடப் பாருங்க. கமிட்டி சார்பா நானும் உள்ள இருப்பேன், ரெண்டு வார்த்த சேத்துச் சொல்றேன்."

"அழுதா நம்புவாங்களா?"

"அழுதா எரக்கப்படுவாங்க."

"எனக்கு எரக்கம் வேணாம்டி," என்றாள். குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. இருவருமே குழாயை மூடவில்லை.

மேனேஜர் அறையில் கண்ணாடி மேசை. மேலே நாலு டியூப்லைட். ஆஸ்பத்திரியில் சொன்னபடி அவள் நெற்றிக்கு நிழல் விழ ஒரு தொப்பி போட்டுக்கொண்டு போயிருந்தாள். சூப்பர்வைசர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார், முன்னால் ஃபைல். சுவரோரம் நாத்தனார். மேனேஜர் மரியாதையான ஆள். "உக்காருங்கம்மா," என்றார். கட்டைவிரல் டாக்டரின் கடிதத்தை வாங்கி முழுசாகப் படித்தார்.

"முதல் அஞ்சு வார எண்களை நம்ப வேணாம்னு எழுதியிருக்காங்க. ஆனா எழுதினது நீங்கதானே? இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமா சார்."

"அப்ப எதை நம்பறது? நீங்களே சொல்லுங்க."

சூப்பர்வைசர் தொண்டையைச் செருமினார். "சார், நான் குத்தம் சொல்லல. நல்ல வேலைக்காரி. ஆனா பாருங்க, அடிபட்டதுக்கு ரத்தம் இல்ல, ஸ்கேன்ல ஒண்ணும் இல்ல, தாள்ல மூணு. மூணுங்கறது என்ன சார்? எல்லாருக்கும் இருக்குற தலைவலி. வீட்டுல இருந்து சொகம் கண்டுருச்சு."

அறை கொஞ்சம் சாய்ந்தது. அவள் கட்டைவிரலை மடியில் நிமிர்த்தி வைத்து நகத்தைப் பார்த்தாள். நகம் நிற்கும் வரை பார்த்தாள். பிறகு தலையைத் தூக்கினாள்.

"சார், நாலாம் லைன்ல இருந்து ஒரு கட்டு கொண்டு வரச் சொல்லுங்க. செக்கிங் முடிஞ்ச கட்டு. டீ டைமுக்கு முன்னாடி இருக்குறது."

"எதுக்கு?"

"மூணுன்னா என்னன்னு சார் கேட்டாருல்ல. காட்டுறேன்."

சுவரோரம் நாத்தனாரின் வளையல் ஒரு தரம் சத்தம் போட்டு அடங்கியது. சூப்பர்வைசர், "இதுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம், உற்பத்தி நேரத்துல..." என்று ஆரம்பித்தார். மேனேஜர் கையை உயர்த்தி அவரை நிறுத்திவிட்டுப் போனை எடுத்தார்.

கட்டு வந்தது. நீலக் கோடு போட்ட இருபது சட்டை, மேலே சீட்டு. அவள் தொப்பியை இன்னும் கீழே இழுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "என்னால பாக்க முடியாது சார். சீட்டுல எவ்வளவு போட்டிருக்கு?"

"மூணு," என்றார் மேனேஜர்.

"சீட்ட விட்டுருங்க. சட்டையில ஒட்டியிருக்குற ஸ்டிக்கர எண்ணச் சொல்லுங்க."

மேனேஜர் நாத்தனாரைப் பார்த்தார். "கமிட்டி ஆள்தானே? நீங்களே எண்ணுங்க."

நாத்தனார் முன்னால் வந்தாள். தன் லைனில், தன் மெஷினுக்குப் பக்கத்து மெஷின்களில் தைத்த சட்டைகள். ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

"ஒண்ணு."

துணி உதறும் சத்தம்.

"ரெண்டு."

இரண்டு சட்டைகள் சும்மா போயின.

"மூணு."

அதோடு நிறுத்திவிட்டாள். கை அடுத்த சட்டையின் மேல் இருந்தது. அவள் முதுகு மறைத்ததால் மேனேஜருக்குச் சட்டை தெரியவில்லை. நாற்காலியில் இருந்தவள் நகத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். வற்புறுத்தவில்லை. மூன்றோடு நிற்பது எப்படி என்று அவளுக்குத் தெரியாததா?

சூப்பர்வைசர் சாய்ந்து உட்கார்ந்தார். "பாத்தீங்களா சார்? நான் சொல்லல? நம்ம பொண்ணுங்க யாரும் பொய் எழுத மாட்டாங்க. எழுதினா இந்தம்மா ஒருத்திதான் எழுதியிருப்பா. ஒரு தகர டப்பா தலையில விழுந்ததுக்கு நாலு மாசமா நாடகம்."

நாத்தனார் திரும்பி அண்ணியைப் பார்த்தாள். தொப்பிக்குக் கீழே காதோரமாக வேர்வை இறங்கிக் கழுத்தில் வழிந்துகொண்டிருந்தது. கை நாற்காலிக் கையை விரல் வெளுக்கப் பிடித்திருந்தது. அந்தத் தகர டப்பா விழுந்த அன்று, இரண்டு மெஷின் தள்ளி உட்கார்ந்து, சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி காலர் வைக்கப் போனவள் அவள்.

"நாலு," என்றாள் நாத்தனார்.

சூப்பர்வைசர் நாற்காலியில் நிமிர்ந்தார்.

"அஞ்சு. இதுலயே இன்னொண்ணு, ஆறு." இப்போது ஒவ்வொரு சட்டையாகத் தூக்கி மேனேஜர் முகத்துக்கு நேரே பிடித்தாள். "ஏழு. இது நான் வச்ச காலர் சார், கோணல்தான், ஒத்துக்கறேன். எட்டு. ஒம்பது." கடைசிச் சட்டையை மேசை மேல் போட்டபோது, "பதினொண்ணு" என்றாள். மூச்சு வாங்கியது. "பதினொண்ணு இருந்தாலும் மூணு. இருபது இருந்தாலும் மூணு. நாங்க டீ குடிக்காம பிரிச்சுத் தைப்போம் சார். கெட்ட சட்டை வெளிய போகாது. ஆனா நாலுன்னு எழுதின சீட்ட நான் இந்தப் பதினோரு வருஷத்துல பாத்ததே இல்ல. எழுத விட்டாத்தானே?"

மேனேஜர் சீட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் வேறு எதுவும் எழுதியிருக்கவில்லை.

"இதே கைதான் சார் அந்தத் தாளையும் எழுதுச்சு," என்றாள் நாற்காலியில் இருந்தவள். குரல் பெரிதாக எழவில்லை. "மூணுக்கு மேல எழுதாதேன்னு பழக்கிட்டாங்க. வலிச்சாலும் மூணுன்னு எழுதிட்டேன். அது என் தப்பு. டாக்டரம்மாவையும் ஏமாத்திட்டேன், என்னையும் கெடுத்துக்கிட்டேன். ஆனா அந்த மூணு என்ன மூணுன்னு இந்த ரூம்ல ஒருத்தருக்கு நல்லாத் தெரியும். தெரிஞ்சுதான் பரிந்துரை எழுதியிருக்காரு."

மேனேஜர் தொழிற்சாலைக் கடிதத்தின் நகலை ஃபைலிலிருந்து எடுத்தார். 'முழு நேரம்' என்பதை அடித்தார். மேலே 'அரை நாள், ஆறு வாரம் கழித்து' என்று எழுதினார். கட்டைவிரல் டாக்டரின் அட்டவணையைக் கேட்டு வாங்கி அதோடு சேர்த்துக் குத்தினார். அவசரப்படாமல்தான் செய்தார். பிறகு பேனாவை மூடாமலே, சூப்பர்வைசர் பக்கம் திரும்பினார்.

"அந்த லைட்டுச் சங்கிலி அறுந்தது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

சூப்பர்வைசர் ஃபைலைப் பார்த்தார்.

"இவங்க முன்னாடியே சொன்னாங்களா?"

மேசை மேல் கிடந்த சட்டையிலிருந்து ஒரு ஸ்டிக்கர் உரிந்து அவர் முழங்கைப் பக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது. சிவப்பு அம்பு. அதை அவர் கவனிக்கவில்லை. மூன்று பேரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். யானையைக் கட்டத் தெரிந்த அந்த மனுஷனின் வாயிலிருந்து ஒரு 'இல்லை' வந்தாலும் பரவாயில்லை, ஒரு 'மறந்துட்டேன்' வந்தாலும் பரவாயில்லை என்று அவளுக்கு இருந்தது. வாய் திறந்து ஏதாவது ஒன்று.

அவர் ஃபைலை மூடினார். நாற்காலியைப் பின்னால் தள்ளினார். அது தரையில் கிறீச்சிட்ட சத்தத்தில் அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். மறுபடி திறந்தபோது அவர் கதவைத் தாண்டி, முழங்கையில் அந்த அம்போடு, ஒரு வார்த்தை பேசாமல் லைன்களுக்கு நடுவே போய்க்கொண்டிருந்தார்.